கேள்வி-பதில்: சல்லியன் ஓட்டும் கார்

(இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைகளோடு பேசுவது. எனவே மாமியார், மருமகள், வாடகைதாரர் கேள்விகள் அடுத்த முறைக்கு. எழுதியவர்கள் அத்தனை பேரும் பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறார்கள். பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான்.)

ஒரு தந்தை, வாகட்
*வீட்டில் 'ம்', 'ம்ஹூம்' தவிர வேறு பேசாத என் பதிமூன்று வயது மகன், காரில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டியதும் கொட்டித் தீர்க்கிறான். காருக்குள் அப்படி என்ன இருக்கிறது?*

என்ன இல்லை என்று கேளுங்கள். உங்கள் முகம் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் அவன் "கணக்கு டெஸ்ட்ல..." என்று ஆரம்பிக்கும்போதே உங்கள் புருவம் ஏறுவதைப் பார்த்துவிடுகிறான். மீதி வாக்கியம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். காரில் அதே புருவம் முன் கண்ணாடியைப் பார்த்து ஏறி இறங்குகிறது. அவனுக்குத் தெரிவதெல்லாம் உங்கள் பிடரி. பிடரிக்குக் கோபம் வராது.

இதில் கொஞ்சம் அறிவியலும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் க்வினெத் டோஹெர்ட்டி-ஸ்னெட்டன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேள்வி கடினமாக ஆக ஆக, பிள்ளைகள் கேட்பவரின் முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக்காரர்களைவிட எட்டு வயதுக்காரர்கள் இதை அதிகம் செய்கிறார்கள். எதிரில் இருக்கும் முகத்தைப் படிப்பதே மூளைக்கு ஒரு வேலை; அதைச் செய்துகொண்டே பதிலையும் யோசிப்பது இரட்டைச் சுமை. நாமோ தலைமுறை தலைமுறையாக "என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லு" என்று அதட்டி வந்திருக்கிறோம். பதில் வராததற்கு அந்த அதட்டலும் ஒரு காரணம்.

ஃப்ராய்டுகூட நோயாளியைச் சோஃபாவில் படுக்க வைத்து, அவர் கண்ணில் படாமல் பின்னால்தான் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன்னை முறைத்துப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று அவரே காரணமும் எழுதியிருக்கிறார். வியன்னாவரை போவானேன்? பாட்டி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதானே நம் அத்தைகள் எல்லா ரகசியத்தையும் சொன்னார்கள். பாட்டி நிமிர்ந்தே பார்க்கமாட்டாள். "அப்புறம்?" என்பாள், அவ்வளவுதான்.

இன்னொரு வசதி, கார்ப் பேச்சுக்கு முடிவு நேரம் உண்டு. பள்ளி வாசல் வந்தால் தப்பிக்கலாம் என்ற தைரியத்தில்தான் பிள்ளை பெரிய விஷயத்தையே எடுக்கிறது. கடைசி இருநூறு மீட்டரில் குண்டு போட்டுவிட்டு இறங்கி ஓடுகிறான் என்றால் அது அவன் திட்டம், தற்செயல் அல்ல.

ஓர் ஐடி தம்பதி, ஹிஞ்சவாடி
*அப்படியானால் புனே டிராஃபிக்குக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமா?*

வேண்டாம். அது ஏற்கெனவே தலைக்கனம் பிடித்துத் திரிகிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி, உலகின் மிக மெதுவான நகரங்களில் புனே நான்காவது. பாரன்கீயா, கொல்கத்தா, பெங்களூருக்கு அடுத்தபடி நாம்; லண்டனே நமக்குப் பின்னால்தான். பத்து கிலோமீட்டர் போகச் சராசரியாக 33 நிமிடம். 2018-லேயே இந்த ஊரில் பதிவான வாகனங்கள் 36 லட்சம் என்றும் மக்கள் 35 லட்சம் என்றும் ஆர்டிஓ கணக்கு வந்தது. அதாவது ஆளுக்கு ஒன்று போக மிச்சமும் இருந்தது. இவ்வளவு வண்டி வாங்கியது யார் என்று ஆர்டிஓவைக் கேட்காதீர்கள். கார் செய்யும் ஊரிலேயே கார் நகரவில்லை என்று பிம்ப்ரிக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியில் விட்டு, திரும்பக் கூட்டி வந்தால், பிள்ளையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆபீஸ் காலண்டரில் "மகள், 60 நிமிடம்" என்று நீங்கள் எந்நாளும் பிளாக் செய்திருக்கமாட்டீர்கள். சாலையே உங்களுக்காகச் செய்துவிட்டது. நன்றி வேண்டாம், பயன்படுத்திக்கொண்டால் போதும்.

ஓர் அம்மா, பாணேர்
*காரில் ஏறியதும் மகள் இயர்போனை மாட்டிக்கொள்கிறாள். என்ன செய்வது?*

உங்கள் ப்ளூடூத்தை அணையுங்கள். காலை எட்டு மணிக்கு "ஆம் ஐ ஆடிபிள்?" என்று நீங்கள் உலகத்தைக் கேட்கும்போது, அவள் ஆடிபிள் ஆகாமல் இருக்க வழி தேடுகிறாள். முதலில் காது மூடியது யார் என்று ஒரு விசாரணைக் கமிஷன் போட்டால் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வராது.

ஒரு தாத்தா, ராஸ்தா பேட்
*பேரனை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது நான்தான். "இன்னிக்கு என்ன நடந்தது?" என்றால் "ஒண்ணுமில்லை" என்கிறான். எட்டு பீரியடில் ஒன்றுமே நடக்காமலா இருக்கும்?*

ஐயா, சிதளே பந்து இனிப்புக் கடையே 2017 வரை மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை ஷட்டரை இறக்கி வைத்திருந்தது. பாகர்வடி வேண்டுமென்றால் காத்திரு என்றார்கள், ஊரே காத்திருந்தது. எட்டு பீரியடும் வாயை மூடி உட்கார்ந்து, ஐந்து டீச்சருக்குப் பதில் சொல்லி, ஒருவனிடம் அடி வாங்கி வரும் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஷட்டர் இறக்க உரிமை இல்லையா? மாலையில் ஏறியதும் கையில் ஒரு வாழைப்பழமோ வடாபாவோ கொடுங்கள். கேள்வி கொடுக்காதீர்கள்.

கேட்டே தீர வேண்டுமென்றால் சின்னதாகக் கேளுங்கள். "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்பது பட்ஜெட் உரை கேட்பதுபோல. "உன் டப்பாவை இன்னிக்கு யார் காலி பண்ணினது?" என்பது கேள்வி. "இன்னிக்கு யாரை வெளியில நிக்க வெச்சாங்க?" என்பது அருமையான கேள்வி, அதிலிருந்து வகுப்பறை அரசியல் முழுவதும் வெளியே வரும். அதைவிட நல்ல வழி, நீங்கள் முதலில் சொல்வது. காலையில் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களும் திட்டு வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் உடனே நம் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு தந்தை, கோத்ருட்
*கார் நேரத்தை நான் வீணாக்குவதில்லை. ஒழுக்கம், உழைப்பு, எதிர்காலம் பற்றித் தினமும் நல்ல நாலு வார்த்தை சொல்கிறேன். பக்கத்து ஃப்ளாட் பையன் ஐஐடி கோச்சிங்கில் முதல் பேட்ச் என்பதையும் நினைவூட்டுகிறேன். மகன் ஜன்னலையே பார்க்கிறான். கேட்கிறானா இல்லையா?*

கேட்கிறான். அதுதான் பிரச்சினை.

மகாபாரதத்தில் இரண்டு சாரதிகள் உண்டு. ஒருவர் கண்ணன். அவர் உபதேசம் செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிச் செய்தார் என்பதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். தேரை ஓட்டிக்கொண்டே செய்யவில்லை. இரண்டு சேனைக்கும் நடுவில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சே. அதுவும் அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு, எனக்குக் குழப்பமாக இருக்கிறது, நீ சொல் என்று கேட்ட பிறகு. நடுநடுவே அர்ஜுனன் குறுக்குக் கேள்வி போட்டான். கண்ணன் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின், இதையெல்லாம் யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிட்டார்.

இன்னொருவர் சல்லியன். கர்ணனுக்குத் தேர் ஓட்ட வந்தவர். ஓட்டுவேன், ஆனால் வாய்க்கு வந்ததைப் பேசுவேன், யாரும் தடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர். களம் போய்ச் சேர்வதற்குள் அர்ஜுனன் எங்கே, நீ எங்கே என்று ஆரம்பித்து, அன்னத்தோடு போட்டி போட்டுப் பறந்து கடலில் விழுந்த காக்கையின் கதைவரை சொல்லி முடித்தார். கர்ணன் தேரை விட்டு இறங்கவும் முடியாது. தேர்ச் சக்கரம் சேற்றில் சிக்கியதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன் வழிநெடுகக் காதில் விழுந்ததை யாரும் பேசுவதில்லை.

பக்கத்து ஃப்ளாட் பையன்தான் உங்கள் காரின் அர்ஜுனன். நீங்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கைக்கு அப்பால் ஒன்று சொல்கிறேன். ஓடும் கார் பூட்டிய அறை. உள்ளே இருப்பவன் எழுந்து போக முடியாது, கதவைச் சாத்த முடியாது, அம்மாவிடம் ஓட முடியாது. பேச்சுக்கு நல்லதாக இருக்கும் அதே இடம் திட்டுவதற்கு மிக மோசமான இடமாக இருப்பது அதனால்தான். மார்க் ஷீட், காதல், தம்பியை அடித்தது, எதுவானாலும் அவன் எடுத்தால் காரில் பேசுங்கள். நீங்கள் எடுக்க வேண்டியதாக இருந்தால் வீட்டில் பேசுங்கள், அவன் எழுந்து போக வழி இருக்கும் இடத்தில். இந்த ஒரு சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகச் சரியாகும்.

ஒரு மகள் (வயது 15), ஔந்த்
*இந்தப் பகுதியை அப்பாதான் படிக்கச் சொன்னார். காரில் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. ஜன்னல் பார்க்கத்தான் பிடிக்கும். தப்பா?*

தப்பே இல்லை. இந்தப் பதிலை அப்பாவிடம் படிக்கச் சொல்.

ஓர் அம்மா, தாபோடி
*எங்களிடம் கார் இல்லை. ஸ்கூட்டரில்தான் இரண்டாம் வகுப்பு மகளைக் கொண்டு விடுகிறேன். காரில்லாதவர்கள் பிள்ளைகளோடு பேச முடியாதா?*

இந்த ஊரை ஓட்டிக்கொண்டிருப்பதே உங்களைப் போன்றவர்கள்தான். புனே ஸ்கூட்டர்களின் ஊர்; கார்க்காரர்கள் விருந்தாளிகள். முகம் தெரியாததுதான் நல்லது என்றேன் அல்லவா? தலை முதல் கழுத்துவரை துப்பட்டாவைச் சுற்றிக் கண் மட்டும் தெரியும்படி போகும் புனேப் பெண்ணைவிட முகம் தெரியாத அம்மா யார்? முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைக்குப் பேச்சே தேவைப்படாத நாளும் உண்டு.

ஆனால் ஓடும்போது கத்திப் பேச வேண்டாம். காற்றில் பாதி போய்விடும், "என்ன?" என்று நீங்கள் திரும்பும் நொடி ஆபத்து. பேச்சைச் சிக்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மதில் ஓரத்தில் நில்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் எந்தக் காரின் ஏசி அரை மணிக்கும் குறைந்ததில்லை.

ஹெல்மெட் உங்களுக்கு மட்டும் போதாது. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயம் என்பது சட்டம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள தம்பியும் கூட வந்தால் அவனுக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, வேகம் நாற்பதுக்குள். 2023 பிப்ரவரியிலிருந்து விதி. புனேயில் ஹெல்மெட்டுக்கு எதிராக ஊர்வலமே போயிருக்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தை உங்கள் மகள் தொடர வேண்டாம்.

ஒரு தந்தை, கராடி
*டிரைவர் வைத்திருக்கிறோம். அவர்தான் கொண்டு விடுகிறார். எங்களுக்கு என்ன வழி?*

உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள டிரைவர் காகாவிடம் கேளுங்கள். அவருக்கு எல்லாம் தெரியும். சொல்லமாட்டார். அதனால்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓர் அம்மா, ஹடப்சர்
*இது சிரிக்கும் கேள்வி அல்ல. ஓட்டிக்கொண்டிருக்கும்போது என் மகள், வேனில் வரும் ஒருவர் தன்னைத் தொடுவது பிடிக்கவில்லை என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?*

பேச்சை மாற்றாமல், பதறாமல், வண்டியை ஓரம் கட்டும் இடம்வரை ஓட்டுங்கள். நிறுத்திய பிறகு திரும்பி, "நீ என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்லை" என்று சொல்லுங்கள். அவள் வார்த்தையிலேயே சொல்லட்டும். "அங்கே தொட்டானா, இங்கே தொட்டானா" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒரு தடவை, பாட்டியிடம் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அவள் சொன்னதை அன்றைக்கே அப்படியே எழுதி வையுங்கள். மறுநாள் அந்த வேனில் அனுப்பாதீர்கள்.

பிறகு புகார். 2012-ன் போக்ஸோ சட்டம், தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பள்ளி "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அது போதாது, தெரிந்தும் சொல்லாத பள்ளியின் மேலும் குற்றம் உண்டு. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற பயம் வேண்டாம். அவள் இருக்கும் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகள் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். 2024 அக்டோபரில் வானவடியில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் கைதானது உங்களுக்கும் நினைவிருக்கும். பாதிக்கப்பட்ட இரண்டு சிறுமிகளுக்கும் ஆறு வயது.

உங்கள் மகள் சொல்லிவிட்டாள். சொல்வதற்கான இடமாக நீங்கள் இருந்திருக்கிறீர்கள். கை நடுங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஒரு தந்தை, ஆம்பேகாவ்
*பேசிக்கொண்டே ஓட்டுவது ஆபத்து இல்லையா? நீங்கள் எல்லோரையும் பேசச் சொல்கிறீர்களே!*

நான் கேட்கச் சொல்கிறேன். ஆனாலும் நல்ல கேள்வி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008-ல் சிமுலேட்டரில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கை நண்பரோடு பேசியபடி ஓட்டியவர்கள் பெரும்பாலும் திரும்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பினார்கள். போனில் பேசியவர்களில் பலர் கோட்டைவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது, நெரிசல் வந்தால் அவரே பேச்சைக் குறைக்கிறார் என்பது காரணம். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

சிக்கல் என்னவென்றால், ஏழு வயதுக்காரருக்கும் லாரி தெரியாது. தெரிந்தாலும் டைனோசர் பற்றிய பேச்சு நிற்காது. எனவே சில இடங்களை மௌனப் பகுதி என்று குடும்பத்தோடு முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் அது எங்கே என்று சொல்லத் தேவையில்லை: காத்ரஜ் புதுச் சுரங்கம் தாண்டி நவலே பாலம்வரை இறங்கும் சரிவு. 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு லாரி வரிசையாகப் பல வண்டிகளை இடித்தது. அந்தச் சரிவில் ஆதி சங்கரரே பின்சீட்டில் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அத்தோடு பின்சீட்டு பெல்ட். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் இருந்தது பின்சீட்டில், பெல்ட் போடாமல். அதன் பிறகு ஒரு மாதம் நாடே பெல்ட் போட்டது, பிறகு மறந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். பேச்சு சுவாரஸ்யமானதும் பிள்ளை இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி நிற்கிறதே, அது பாசத்தின் அடையாளம் இல்லை. பெல்ட் போடவில்லை என்பதன் அடையாளம்.

ஒரு தந்தை, கல்யாணி நகர்
*பதினாறு வயது மகன், "பக்கத்தில் நீங்கள் இருங்கள், நான் ஓட்டுகிறேன், அப்போது நன்றாகப் பேசலாம்" என்று பேரம் பேசுகிறான். ஞாயிறு காலை காலிச் சாலைதானே?*

உங்கள் முகவரியைப் பார்த்தபின் இந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

2024 மே 19, அதுவும் ஞாயிறுதான். பின்னிரவில் உங்கள் பேட்டையில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே, பைக்கில் போன இரண்டு பொறியாளர்களைக் கொன்றது. இருவருக்கும் 24 வயது. மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பையனுக்கு அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாடு கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. சாவியைக் கொடுத்த குடும்பத்தோடு அதற்கு முன் அந்தப் பையன் என்ன பேசினான் என்பதைப் பற்றி எந்தக் கட்டுரையும் இல்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவு: வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். கார் ஓட்ட வயது 18. பேரத்துக்கு இடமில்லை. மகனிடம், "பேசுறதுக்கு விலை வைக்காதே, நீ பக்கத்து சீட்டிலேயே நல்லாத்தான் பேசுற" என்று சொல்லுங்கள்.

ஓர் அம்மா, விமான் நகர்
*நாங்கள் தமிழில் பேசினால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். கார் நேரத்தையாவது 'தமிழ் மட்டும்' என்று அறிவிக்கலாமா?*

அறிவித்தால் கார் மௌன விரதம் பூணும். உங்கள் பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். 2020 சட்டப்படி மகாராஷ்டிரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மராத்தி கட்டாயம். பாடம் ஆங்கிலம். விளையாட்டு இந்தி. தமிழ் என்பது உலகத்தில் இரண்டே இரண்டு பேர் வாயிலிருந்து வரும் சத்தம். அதுவும் என்ன சத்தம்? "எழுந்திரு, குளி, சாப்பிடு, லேட்டாச்சு, போனை வை." ஏவல் வினைக்கு மட்டும் பயன்படும் ஒரு மொழியை எந்தப் பிள்ளை விரும்பும்?

சுவாரஸ்யமான சங்கதிகளைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். சித்தப்பா ரயில் மாறி ஏறி விஜயவாடா போன கதை, தாத்தா கல்யாணப் பந்தியில் சண்டை போட்ட கதை, குடும்பத்தில் யாரும் வெளியே சொல்லாத அந்த மாமாவின் கதை, எல்லாம் தமிழில் மட்டும். பதில் அவர்கள் எந்த மொழியில் சொன்னாலும் திருத்தாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர்கள் கேட்கும் நாள் வரும். அதை ஆங்கிலத்தில் கேட்டால் கதையை நிறுத்திவிடலாம். அந்த அளவு கொடுமைக்கு மட்டும் அனுமதி.

ஒரு தம்பதி, உண்ட்ரி
*பின்சீட்டில் பிள்ளை தூங்கியபின் எங்கள் குடும்பச் சண்டைகளைக் காரிலேயே முடித்துக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தானே?*

பிள்ளை தூங்கவில்லை.

ஒரு தந்தை, மகர்பட்டா
*தீபாவளிக்குக் காரிலேயே திருநெல்வேலி போகிறோம். வழியெல்லாம் பிள்ளைகளோடு மனம் விட்டுப் பேசத் தலைப்புகள் தயாரித்து வைத்திருக்கிறேன். டேப்லெட் கொடுக்கலாமா கூடாதா?*

தலைப்புகளைச் சூட்கேஸில் அடியில் வையுங்கள். மூன்று மாநிலம் தாண்டிப் போகும் பயணம் இது, பட்டிமன்றம் இல்லை. பெங்களூருவே 840 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓசூர், சேலம், மதுரை. அவ்வளவு தூரம் யாராலும் மனம் விட்டுப் பேச முடியாது, மனம் தீர்ந்துவிடும்.

டேப்லெட்டைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் முதல் நாள் காலை வேண்டாம். காம்பட்கி மலை ஏற்றம்வரை எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். சாத்தாராவில் கண்டி பேடா, கோலாப்பூரில் மிசல்; அதுவரை சண்டையும் பேச்சும் தானாக நடக்கும். ஹுப்பள்ளி தாண்டி தாவணகெரே, சித்ரதுர்கா வரும்போது சாலை நேராகிவிடும், காற்றாடிகளை எண்ணி முடித்திருப்பார்கள். அங்கே கொடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை முன்சீட்டுக்கு மாற்றி, பாட்டுப் பட்டியலை ஒரு மணி நேரம் அவனிடம் ஒப்படையுங்கள். அவன் போடும் பாட்டுகளில் உங்களுக்குத் தலைவலி வரும். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்பதும் கொஞ்சம் தெரியும். "இதெல்லாம் ஒரு பாட்டா, எங்க காலத்துல ராஜா..." என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ராஜா தன்னைத் தானே பார்த்துக்கொள்வார்.

ஓர் அம்மா, கோத்ருட்
*மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். "இனி கார் வேண்டாம், வனாஸிலிருந்து மெட்ரோவில் போய்க்கொள்கிறேன்" என்கிறாள். ஏழு வருடமாகக் காரில்தான் எங்கள் பேச்சு முழுவதும். அது போய்விடுமே என்று அனுப்பத் தயங்குகிறேன்.*

அனுப்புங்கள். அவளைப் பேச வைப்பதற்காகப் பூட்டி வைக்க முடியாது. அந்த அறைக்குச் சாவி இப்போது அவளிடமும் இருக்கிறது. தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சொல்வதற்கு விஷயம் கூடுமே தவிரக் குறையாது. காருக்குள் அவளுக்கு என்ன நடந்துவிடப்போகிறது? நல் ஸ்டாப்பில் ஏறும் கூட்டத்தில்தான் நடக்கும்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். இரவு அவள் துணி மடிக்கும்போதோ நீங்கள் கீரை ஆயும்போதோ எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். போனைத் தள்ளி வையுங்கள். கேள்வி வேண்டாம்.

மெட்ரோ 2022 மார்ச் 6 அன்று வனாஸிலிருந்து கர்வாரே கல்லூரிவரைதான் தொடங்கியது. 2024 மார்ச்சிலிருந்து ராம்வாடிவரை போகிறது. மாணவர் அட்டைக்கு 30 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. இந்த வாரமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.